ஸ்பிட்ஃபயருக்குப் பழைய எஞ்சின் தேடும் கீழக்கரைத் தம்பிக்கு

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய வாப்பா சென்னையில் வாங்கிக் கீழக்கரைக்குக் கொண்டுவந்த 1969 மாடல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 (இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்) பல வருடமாக ஷெட்டில் நிற்கிறது. எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், "த்ரஸ்ட் வாஷர் கழன்று விழுந்து, கிராங்க் போய் பிளாக்கைத் தின்றிருக்கிறது. இது தேறாது. மாருதி ஈக்கோ வேனின் எஞ்சின் போடலாம், இல்லாவிட்டால் சின்ன டீசல் எஞ்சின் ஒன்றைப் போடலாம்" என்று சொல்லியிருக்கிறார். சென்னைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் சந்தையில் ஒரு கடைக்காரர் ஈக்கோ எஞ்சின் மட்டும் தனியாக விலை சொல்லியிருக்கிறார். முன்பணம் அனுப்பலாமா என்பது கேள்வி.

அனுப்ப வேண்டாம் தம்பி. வேறு எஞ்சின் போடுவதாகவே முடிவெடுத்தாலும், எஞ்சினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். முழு வண்டியாக வாங்குங்கள், அல்லது ஒரே வண்டியிலிருந்து கழற்றிய முழு செட்டாக வாங்குங்கள். எஞ்சின் மாற்றும் வேலையில் பணத்தையும் பொறுமையையும் குடிப்பது எஞ்சின் இல்லை, அதைச் சுற்றி விட்டுப்போன சில்லறைச் சாமான்கள்தான். ராமநாதபுரத்திலும் மண்டபத்திலும் கார் எஞ்சின், படகு எஞ்சின் இரண்டும் பார்ப்பவன் என்ற முறையில், பாதி வேலையில் நின்றுபோன வண்டிகளை நிறையவே பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் நன்றாகவே இருந்தது. ஒரு வயரிங், ஒரு பிராக்கெட், ஒரு கம்ப்யூட்டர் பெட்டி கிடைக்காமல்தான் நின்றன.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் பிளாக், அதாவது எஞ்சினின் அடிப்படை இரும்பு உடல், உண்மையிலேயே செத்துவிட்டதா?

த்ரஸ்ட் வாஷர் என்பது அரைவட்டத் தகடு. கடைசி மெயின் பேரிங்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, கிராங்க் (எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு) முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ளும். நீங்கள் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்பக்கமாகத் தள்ளப்படுகிறது. அந்தச் சுமை முழுவதும் ஒரு தகட்டின் மேல்தான் விழுகிறது. தேயத் தேய இடைவெளி கூடும். ஒரு நாள் தகடு நழுவி, எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தட்டான சம்ப்பில் விழுந்துவிடும். அதன்பிறகு இரும்பும் இரும்பும்தான் உரசும். ட்ரையம்ப்பின் இந்தச் சின்ன எஞ்சின் குடும்பத்துக்கே உள்ள பலவீனம் இது, உங்கள் வண்டிக்கு மட்டும் வந்த நோயில்லை. அதனால் உலகம் முழுக்க இதற்கு வைத்தியமும் இருக்கிறது. தேய்ந்த முகத்தை மெஷினில் சமமாக்கி, கூடுதல் கனமுள்ள வாஷரைப் போட்டு, கீழே பேரிங் கேப்பிலும் ஒரு அரைவட்டத் தகட்டைப் பின் அடித்து நிறுத்துவார்கள். காயம் எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்துத்தான் முடிவு. பிளாக்கைக் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ கிராங்க் கிரைண்டிங் செய்கிற நல்ல பட்டறைக்குக் கொண்டுபோய், அளந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து "தேறாது" என்று சொல்வதை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது.

பிளாக்கைக் காப்பாற்றுவதில் ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறேன் என்றால், காரணம் காகிதத்தில் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் அசல் வடிவத்தில், பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் இருந்தால் விஏ என்ற எழுத்துகளோடு எண் வாங்கலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். உங்கள் வண்டி வயதால் தகுதி பெற்றாகிவிட்டது. ஈக்கோ எஞ்சின் ஏறிய நாளில் அந்தத் தகுதி போய்விடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டேஜ் பதிவில் வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது இப்படித்தான் அனுமதி. வெள்ளிக்கிழமைதோறும் ஈசிஆரில் ஓட்டுவதுதான் ஆசை என்றால் சாதாரண ஆர்சியைத்தான் உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

சாதாரண ஆர்சியிலும் சும்மா எஞ்சின் மாற்றிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைத்தான் பேசுகிறது. தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கறாராகச் சொல்லிவிட்டது. எனவே எந்த எஞ்சினைத் தேடுவதானாலும், முதல் வேலையாக ராமநாதபுரம் ஆர்டிஓ அலுவலகத்தில், "இந்த வண்டிக்கு இந்த எஞ்சினைப் போட அனுமதி கிடைக்குமா, என்னென்ன காகிதம் வேண்டும்" என்று எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அதே வகை எஞ்சினை மாற்றிப் போட்டு ஆர்சியில் எண்ணைத் திருத்துவது ஒரு பேச்சு. வேறு கம்பெனி எஞ்சின் போடுவது முற்றிலும் வேறு பேச்சு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். ஆர்சியில் ஒரு எண்ணும் பிளாக்கில் வேறு எண்ணும் இருந்தால், விபத்து நடக்கும் நாளில்தான் அதன் விலை தெரியும்.

சரி, பிளாக் தேறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்துத் தேட வேண்டியது அதே குடும்பத்து எஞ்சின். இங்கே நமக்கு ஒரு சொந்த உறவு இருக்கிறது. ஸ்பிட்ஃபயரின் சேஸி, முன் சஸ்பென்ஷன், டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) எல்லாம் ட்ரையம்ப் ஹெரால்டிலிருந்து வந்தவை. அதே ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் கட்டியது, பிறகு கெஸல் என்றும் ஒரு மாடல் விட்டது. இரண்டிலும் இருந்தது 948 சிசி எஞ்சின். உங்கள் 1296 சிசி எஞ்சினும் அதே பரம்பரையில் வளர்ந்ததுதான். 948-ஐ அப்படியே போட்டால் வண்டி ஓடும், ஆனால் 75 குதிரைசக்தி வண்டி கிட்டத்தட்டப் பாதி சக்திக்கு இறங்கிவிடும். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. ஹெரால்டு சாமான்களை வாட்டர் பம்ப், மவுண்டிங், கிளட்ச் பாகங்கள் மாதிரி துணைத் தேவைகளுக்குத் தேடுங்கள். அவற்றையும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

முழு எஞ்சின் வேண்டுமானால் இங்கிலாந்துதான் வழி. அங்கே பழைய ட்ரையம்ப் பாகங்களுக்கென்றே கடைகள் இருக்கின்றன. அப்படித் தேடும்போது பிளாக்கின் இடது பக்கத்தில் அடித்திருக்கும் எண்ணின் முதல் எழுத்துகளைக் கேளுங்கள். எஃப்டி என்று தொடங்கினால் மார்க் 3. எஃப்ஹெச் என்றால் மார்க் 4. எஃப்எம் என்றால் 1493 சிசி உள்ள 1500 மாடல். எண்ணின் கடைசியில் ஹெச்இ என்று இருந்தால் ஹை கம்ப்ரஷன். 1500 எஞ்சின் எளிதில் கிடைக்கும், ஏனென்றால் அதே எஞ்சின்தான் டோலோமைட் 1500-இலும், 1974-க்குப் பிறகு வந்த எம்ஜி மிட்ஜெட்டிலும் இருந்தது. ஆனால் அதன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) நீளம், கிராங்க் கனம். அதிக ஆர்பிஎம்மில் அடிப்பாகம் சீக்கிரம் களைத்துவிடும். விசையோடு சுழலுவதில் மார்க் 3-ன் 1296-ஐ நான் ஒரு படி மேலே வைப்பேன். பணம் கட்டும் முன் தூத்துக்குடியிலோ சென்னையிலோ ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்டிடம், பழைய எஞ்சின் இறக்குமதிக்கு என்ன சான்று, என்ன வரி என்று கேட்டுவிடுங்கள். சரக்கு வந்து துறைமுகத்தில் உட்கார்ந்தபிறகு கேட்டால் வாடகை ஏறிக்கொண்டே போகும்.

இதுவும் வேண்டாம், இந்திய எஞ்சின்தான் என்றால் எது? டீசலை உடனே விட்டுவிடுங்கள். முன்பக்கக் கனம் கூடும், அதிர்வு சேஸியைத் தளர்த்தும், ஆர்சியில் எரிபொருளையும் மாற்ற வேண்டி வரும். ஈக்கோ எஞ்சின் மோசமில்லை. 2022 வரை வந்தது 1196 சிசி, நீளவாக்கில் உட்காரும், பின்சக்கரத்தை ஓட்டும். ஆனால் அது சீட்டுக்கு அடியில் இருப்பதற்காகச் செய்த எஞ்சின். சம்ப், மேனிஃபோல்டு, கியர் லீவர் லிங்கேஜ் எல்லாமே அந்த இடத்துக்கு ஏற்ற வடிவம்.

என் தேர்வு மாருதி ஜிப்ஸியின் எம்பிஎஃப்ஐ எஞ்சின், அதாவது கார்பரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் பெட்ரோல் பீய்ச்சும் வகை. 1298 சிசி, 16 வால்வு, 80 குதிரைசக்தி. உங்கள் அசல் எஞ்சினோடு கிட்டத்தட்ட அதே அளவு, அதே சக்தி. இது சின்ன விஷயமில்லை. ஸ்பிட்ஃபயரின் பின் டிஃபரன்ஷியல் ஹெரால்டுக்காகச் செய்த சின்னப் பெட்டி. மார்க் 3-ன் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்ஸிலில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் அச்சில், தொங்குபவை. நூறு குதிரைக்கு மேல் ஏற்றினால் முதலில் டிஃபரன்ஷியல் போகும், வளைவில் பின்பக்கம் மடங்கினால் அதற்கப்புறம் நீங்களும் போவீர்கள். பெரிய எஞ்சின் ஆசை காட்டும் யாருடைய பேச்சையும் கேட்காதீர்கள்.

ஜிப்ஸியில் இன்னொரு வசதி, அதன் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட்டோடு இருக்கும். அதைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, ஐந்து கியர் பாக்ஸின் பின்முனையிலிருந்தே உங்கள் டிஃபரன்ஷியலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டாக, புதிய புரொப்பல்லர் ஷாஃப்ட் செய்துவிடலாம். ஐந்தாவது கியர் ஓவர்டிரைவ் என்பதால் தொண்டி ரோட்டில் எஞ்சின் கத்தாமல் போகும். ஆனால் ஸ்பீடோமீட்டர் கேபிள் அந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்துதான் வருகிறது. அதை ஒதுக்கினால் வேகம் காட்ட வேறு வழி தேட வேண்டும். வாங்கும் முன்பே அட்டையில் வெட்டி அளந்து பார்க்க வேண்டிய இடம் சம்ப்பும் ஸ்டீரிங் ரேக்கும் சந்திக்கும் இடம். ஸ்பிட்ஃபயரில் பானட் முழுவதும் முன்னால் சாய்ந்துவிடும், கியர் பாக்ஸ் கவரும் உள்ளேயிருந்து கழலும் என்பதால் அளப்பது எளிது. அந்த அளவு வரும்வரை யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது முழு செட் என்று நான் சொன்னதன் அர்த்தம். எஞ்சின், கியர் பாக்ஸ், ஃபிளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், மவுண்டிங் பிராக்கெட்டுகள், எஞ்சின் வயரிங் அறுக்காமல் முழுசாக, அதன் ஈசிஎம் என்ற கம்ப்யூட்டர் பெட்டி, எல்லா சென்சாரும், ஆக்ஸிலரேட்டர் கேபிள், பெட்ரோல் பம்ப். கிளட்சோ ஃபிளைவீலோ வேறு வண்டியிலிருந்து வந்தால் ஒன்றோடொன்று பேசாது. சாவியில் சிப் உள்ள வண்டியானால் சாவி, சாவி படிக்கும் பெட்டி, ஈசிஎம் மூன்றும் ஒரே வண்டியுடையதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. காயலான் கடையில் வயரிங்கைக் கத்தரியால் வெட்டித்தான் எஞ்சினை இறக்குவார்கள், அதுதான் அவர்களுக்கு வேகம். அதனால்தான் இன்னும் ஓடுகிற நிலையில் உள்ள, பாடி துருப்பிடித்துப் போன ஒரு ஜிப்ஸியை முழுதாக வாங்குவது எனக்குப் பிடிக்கும். ஓட்டிப் பார்க்கலாம், சூடாக்கிப் பார்க்கலாம், எது எங்கே போகிறது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ராணுவம் கழித்த ஜிப்ஸிகளும் ஏலத்துக்கு வருவதுண்டு. கழற்றியபின் மிச்ச வண்டியின் ஆர்சியை ரத்து செய்து, பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது? புதுப்பேட்டை பெரிய சந்தைதான், மும்பை குர்லா, டெல்லி மாயாபுரி மாதிரி. ஆனால் நேரில் போகாமல் வாங்குகிற சந்தை இல்லை. நாம் கடலோரத்தில் இருப்பதால் பக்கத்தில் கிடைப்பதே நல்லது என்று தோன்றும். என் அனுபவத்தில் உள்ளூர் எஞ்சினைவிட சேலம், கோயம்புத்தூர், மதுரைப் பக்கத்து வறண்ட ஊர்களில் ஓடியது மேல். ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் வெளியே நின்ற வண்டியின் அலுமினியம் ஹெட்டில் தெர்மோஸ்டாட் வாயைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருக்கும், கனெக்டரைப் பிரித்தால் பச்சைக் களிம்பு இருக்கும், ப்ளக்கைக் கழற்றினால் மரையோடு வரும்.

படகில் ஓடிய எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். கடல் தண்ணீரால் குளிர்ந்த எஞ்சினின் உள்வழிகள் என்ன கதியில் இருக்கும் என்பதைப் பிரித்துப் பார்ப்பதே என் தொழில்.

இன்னொரு பயம் வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. அதே 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தூத்துக்குடியும் மூழ்கியது. அந்த வண்டிகளின் எஞ்சின்கள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்துவிட்டன. ஆல்டர்னேட்டரின் பின்பக்க ஓட்டை, ஏர் ஃபில்டர் பெட்டியின் அடி, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் உள்பக்கம், ஸ்டார்ட்டர் உட்காரும் குழி, இந்த நான்கு இடத்தில் விரலை விட்டுத் துடையுங்கள். காய்ந்த வண்டல் அங்கேதான் மிச்சமிருக்கும். எஞ்சின் மேல்பக்கம் பளிச்சென்று இருப்பதற்கு அர்த்தமே இல்லை.

கடையில் தரையில் கிடக்கும் எஞ்சினைச் சோதிக்க ஒரு கம்ப்ரஷன் கேஜ், ஒரு நல்ல பேட்டரி, ஜம்பர் கேபிள், ஸ்பேனர் செட், டார்ச், ஆயில் கேன் கொண்டுபோங்கள். முதலில் எண்ணைப் பாருங்கள். எஞ்சின் எண் அடித்த இடத்தில் அரம் ராவிய தடம், புதுப் பெயின்ட், ஒரு எழுத்து உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருப்பது, இதில் எது தெரிந்தாலும் பேச்சை நிறுத்திக்கொண்டு வந்துவிடுங்கள். எண் சுத்தமாக இருந்தால், அது எந்த வண்டியுடையது, அந்த வண்டியின் ஆர்சி நகல் எங்கே, எஞ்சின் எண் போட்ட பில் தருவாரா என்று கேளுங்கள். பில் தராதவரிடம் வாங்கினால் ஆர்டிஓவில் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் போலீஸ் உங்கள் ஷெட்டுக்குத்தான் வரும்.

அப்புறம் எல்லா ப்ளக்கையும் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது பிடித்தாலோ, ஒரே இடத்தில் உரசும் சத்தம் வந்தாலோ மேலே போகத் தேவையில்லை. பிறகு த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, ஸ்டார்ட்டரில் சுற்றி ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் எடுங்கள். 150 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, ஆனால் குளிர்ந்த எஞ்சினில் எண் குறைவாகத்தான் காட்டும். நான் பார்ப்பது நான்குக்கும் உள்ள வித்தியாசம். பத்து சதவிகிதத்துக்குள் இருந்தால் பேரம் பேசலாம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்த ப்ளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது, ஹெட் வளைந்தும் இருக்கலாம்.

கடைக்காரர் சம்மதித்தால் சம்ப்பைக் கழற்றச் சொல்லுங்கள், கழற்றுக்கூலி கொடுத்தாவது. சம்ப்பின் அடியில் தங்க நிறத் தூள் மின்னினால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. கிராங்கை ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரால் முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். மயிரிழை அசைவு இருக்கத்தான் வேண்டும், 'டக்' என்று கண்ணுக்குத் தெரிந்து நகர்ந்தால் வேண்டாம். ட்ரையம்ப் எஞ்சின் வாங்கினால் இந்த ஒரு சோதனைக்காகவே நேரில் ஒருவரை அனுப்புங்கள். வண்டியில் இருக்கும் எஞ்சினானால் இன்னும் எளிது. ஒருவர் கிளட்சை மிதித்து விட, நீங்கள் பானட்டைச் சாய்த்துவிட்டு முன்புல்லியைப் பாருங்கள், அது முன்னால் வந்து போகிறதா என்று.

பேரம் முடிந்ததும் "ஸ்டார்ட் ஆகாவிட்டால், புகைத்தால் மாற்றித் தருகிறேன்" என்பதை நாள் கணக்கோடு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். லாரி பார்சலில் போடும்போது ஆயிலை வடித்து, எல்லா வாயையும் அடைத்து, மரச்சட்டத்தில் நிமிர்த்திக் கட்டச் சொல்லுங்கள். சம்ப்பின் மேல் உட்கார வைத்து அனுப்பினால் ராமநாதபுரம் வந்து சேரும்போது சம்ப் நசுங்கியிருக்கும்.

வேலையை எப்போது வைப்பது என்பதும் நம் ஊருக்கே உரிய கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி, மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து லேத்துகளும் எஞ்சின் மெக்கானிக்குகளும் ராப்பகலாக அதில்தான் இருப்பார்கள். அவர்கள் பிழைப்பு அது. உங்கள் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் மவுண்டிங்கையும் அந்த நேரத்தில் கொடுத்தால் அவசரத்தில்தான் செய்வார்கள். ஜூலைக்குப் பிறகு கொடுங்கள், உட்கார்ந்து பேலன்ஸ் பார்த்துத் தருவார்கள்.

பெட்ரோல் லைன் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரப்பராக மாற்றுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது, 1969 ரப்பர் அதில் ஊறி உதிரும். கடைசியாகத் தண்ணீர். பழைய இரும்பு பிளாக்கில் வாப்பா காலத்தில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருப்பார்கள், அது தாங்கியது. ஜிப்ஸி எஞ்சின் அலுமினியம். கீழக்கரை போர் தண்ணீரின் உப்பு ஹெட்டை உள்ளிருந்து அரித்துவிடும். ரேடியேட்டரைப் புதிதாகச் சுத்தம் செய்து, மினரல் நீக்கிய தண்ணீரும் கூலன்ட்டும் கலந்துதான் முதல் நாளே ஊற்ற வேண்டும், வழியில் குறைந்தாலும் அதையே ஊற்ற வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. பிளாக்கின் த்ரஸ்ட் முகத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள், கூடவே இடது பக்கத்து எஞ்சின் எண்ணையும். ஆர்சியில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று பார்த்துச் சொல்லுங்கள். அது ஒத்துப்போனால், பிளாக்கைப் பட்டறைக்கு அனுப்பி அளக்கும்வரை வேறு எந்த எஞ்சினுக்கும் விலை கேட்க வேண்டாம்.